அறியாமைச் சான்றிதழ்

மனித குலம் சமத்துவத்தை நோக்கி நெடுங்காலமாக நடந்து வந்து, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மட்டக்களப்பு வாவிக் கரையில் அதைச் சென்றடைந்தது. வாவிக்கரைப் பரீட்சைச் சமவாய்ப்பு அலுவலகம் அன்றுதான் திறந்து வைக்கப்பட்டது. நாடா வெட்டுகிற கத்தரிக்கோலை மட்டும் மறந்துவிட்டார்கள். பிரதம விருந்தினர் சிறிது நேரம் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். பிறகு குனிந்து, நாடாவின் கீழால் நுழைந்து உள்ளே போனார். வெட்டாத நாடாவை அவிழ்த்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று யாரோ சொன்னார்கள். ஆகையால் நாடா அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அங்கே போன எல்லோரும், ஊன்றுகோலோடு போனவர்களும், குனிந்துதான் போனார்கள்.

வில்லியம் குனிந்து போனது புரட்டாதியில். ஆள் பறங்கித் தச்சர். கடலோரத்து டச்பார் கிராமத்தில் பிறந்தவர், கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு திராய்மடுவில் கட்டிக் கொடுத்த வீடொன்றில் இருக்கிறார். காதில் பென்சில் இல்லாமல் யாரும் அவரைக் கண்டதில்லை. ஓரிடத்தில் சும்மா இருக்கவும் கண்டதில்லை. கதிரைகள் செய்கிற மனிதருக்குக் கதிரையில் இருக்கத் தெரியாது. எழும்புவார், நடப்பார், யன்னலைத் திறந்து பார்ப்பார், கதவுப் பிணைச்சலை ஆட்டிப் பார்ப்பார்.

இப்போது அவரை ஆட்டி வைத்தது மகள் மெலிண்டாவின் வலது கை. சுனாமி அன்று சுவர் விழுந்து நசுங்கிய கை. ஐந்து விரலும் இருக்கின்றன, ஒன்றும் மடங்காது. இடது கையால் அழகாகத்தான் எழுதுவாள். ஆனால் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தவணைப் பரீட்சைகளில் கணித வினாத்தாளின் பாதி எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். எழுதிய பாதியில் பிழை இருந்ததே இல்லை. மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை. கணிதம் போனால் உயர்தர வகுப்பு இல்லை. பாதிக் கணக்கோடு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒரு ஆளும், கொஞ்சம் கூடுதல் நேரமும் வேணும் மிஸ்," என்றார் வில்லியம்.

உதவிப் பணிப்பாளர் அன்னப்பூரணி பேனையை எடுத்தார். "கை எதால போனது?"

"போகல்ல மிஸ். இருக்கு. மடங்குதில்ல."

"அதை விடுங்க. சுனாமியா, சண்டையா?"

"சுவர் விழுந்தது."

"எங்கட பிரிவுகள்ல சுவர் இல்ல."

"கடல் வந்துதானே மிஸ் சுவரைத் தள்ளினது?"

அன்னப்பூரணியின் முகம் வாடிவிட்டது. அவர் கெட்ட மனுசி அல்ல. "சுனாமித் திட்டம் போன வருசத்தோட முடிஞ்சு போச்சு. வெள்ளைக்காரரும் போயிற்றாங்க. இப்ப சண்டைக்குத்தான் உதவி வந்திருக்கு." குரலைத் தாழ்த்திக் கொண்டார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்தச் சுவருக்குச் சண்டையில ஒண்டும் நடக்கல்லயா?"

வில்லியம் எழும்பி நின்று யோசித்தார். "தொண்ணூறாம் ஆண்டு செல் விழுந்து வெடிச்ச சுவர்தான் மிஸ். பூசி வச்சிருந்தம்."

"கடவுளே, அதை முதல்லயே சொல்றதில்லயா!" என்றார் அன்னப்பூரணி, ஒரு உயிரைக் காப்பாற்றியவர் போல.

குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது மூன்று முறை கூடி, மெலிண்டாவின் கையை மேசையில் வைத்துப் பார்த்தது. இரண்டு விரல்கள் மோதலினாலும் மூன்று விரல்கள் ஆழிப்பேரலையினாலும் பாதிக்கப்பட்டவை என்று தீர்ப்பாயிற்று. மோதலுக்குச் சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் போயின. பேனை பிடிக்கிற மூன்றும் மூடப்பட்ட திட்டத்துக்குள் போயின. ஐந்து விரலுக்கு அரை மணித்தியாலம் மேலதிக நேரம் என்பது விதி. ஆகவே இரண்டு விரலுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி ஐறிஸ் கேட்டாள்: "இத்தனை வருசமா கதிரை செய்றீங்க. எப்பயாவது ஒரு கால் ஒரு ஆளுக்கும் மத்தக் கால் இன்னொரு ஆளுக்கும் எண்டு செஞ்சிருக்கீங்களா?"

"சும்மா கிட. பன்னெண்டு நிமிசமாவது தந்தாங்களே."

"ஓம், மறுகா எழுதுற ஆளையும் பாதியாத் தருவாங்க. இடுப்புக்குக் கீழ."

எழுதுகிற ஆளை வில்லியமே கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுப் பியோனா. ஒன்பதாம் வகுப்பு, முத்து முத்தான எழுத்து, எந்நேரமும் மெலிண்டாவோடுதான் திரிவாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய், நாடாவின் கீழால் குனிய வைத்து, பணிப்பாளர் நல்லரத்தினத்தின் முன்னால் நிறுத்தினார்.

"கெட்டிக்காரப் பிள்ளை சேர்," என்றார் பெருமையாக.

நல்லரத்தினத்தின் புருவங்கள் உயர்ந்தன. உயரமான மனிதர், வெள்ளைச் சேட்டின் பையில் மூன்று பேனைகள். அவை எழுதி யாரும் பார்த்ததில்லை. "கெட்டிக்காரியா?" என்றார், காய்ச்சலா என்று கேட்கிற தொனியில். "மிஸ்டர் வில்லியம், இருங்க."

வில்லியம் இருந்தார். கதிரை ஆடியது. எழும்பிவிட்டார்.

"எழுத்துதவியாளர் என்றால் யார்? பரீட்சார்த்திக்கு உதவி செய்பவர். சரி. ஆனால் அந்த உதவி பரீட்சார்த்திக்கு உதவிவிட்டால், மற்றப் பிள்ளைகளுக்கு அது அநீதி. ஆகவே உதவி இருக்க வேண்டும். பயன் இருக்கக் கூடாது. அதுதான் சமவாய்ப்பு. இந்தத் தத்துவத்தை விளங்கிக் கொள்ள எனக்கே இரண்டு செயலமர்வுகள் தேவைப்பட்டன. ஒன்று நுவரெலியாவில்."

"அப்ப எப்படிப்பட்ட ஆள் வேணும் சேர்?"

"எழுதத் தெரிய வேண்டும். ஆனால் பாடம் தெரியக் கூடாது. அதைச் சோதித்து உறுதிப்படுத்துவோம்."

அதற்கென்றே ஒரு பரீட்சை இருந்தது. அறியாமை உறுதிப் பரீட்சை. இருபது புள்ளிக்குக் குறைந்தால் சித்தி. பியோனா அதே மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். எழுபத்தெட்டு எடுத்துப் படுதோல்வி அடைந்தாள். அன்னப்பூரணி விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் தலையில் கை வைத்து, "கவலைப்படாத புள்ள, இன்னொரு தவணை இருக்கு," என்றார். பியோனா வழியெல்லாம் அழுதாள். அதுவரை அவள் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை.

தேற்றாத்தீவிலிருந்து கல்குடா வரைக்கும் இப்படித் தோற்ற பிள்ளைகள் பலர் இருந்தார்கள். நல்ல மனசோடு எழுத வந்தவர்கள் எல்லோரும் ஏதோ கொஞ்சம் படித்தவர்களாகவே இருந்து தொலைத்தார்கள். மட்டக்களப்பில் ஒரு பரீட்சை இருந்தால் அதற்கு ரியூசன் இல்லாமல் இருக்காது. ஐப்பசி பிறப்பதற்குள் மதில்களில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று: 'அறியாமைப் பயிற்சி. இளையதம்பி மாஸ்டர். நூறு வீத உத்தரவாதம். இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை.'

இளையதம்பி மாஸ்டரின் கொட்டிலுக்குக் கூரை, சுனாமி நிவாரணத்தில் வந்த நீல நிறத் தறப்பாள். அதனடியில் எல்லோரும் நீலமாகத் தெரிவார்கள்.

"கணக்குத் தெரியாதவனுக்குப் படிப்பிக்கிறது லேசு," என்றார் மாஸ்டர், வில்லியத்திடம். "தெரிஞ்ச பிள்ளையைத் தெரியாத பிள்ளையாக்கிறதுதான் வித்தை."

"வாயில வந்ததை எழுதச் சொன்னாப் போதாதா மாஸ்டர்?"

"நல்லாச் சொன்னீங்க! வாயில வந்ததை எழுதினா ஒண்டு ரெண்டு தற்செயலாச் சரியாப் போயிரும். கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு அதுதான் கண்டம். பிழை விடுறதுக்கும் ஒரு முறை வேணும்." மாஸ்டர் கரும்பலகைக்குத் திரும்பினார். "சரியான விடையைக் கண்டுபிடி. ரெண்டைக் கழி. எழுது. எங்க, எல்லாரும் சொல்லுங்க!"

"கண்டுபிடி! ரெண்டைக் கழி! எழுது!" என்று கொட்டில் அதிர்ந்தது.

காலையும் மாலையும் பயிற்சி. வீட்டுக்கு வந்தும் பியோனா வில்லியத்தின் விறாந்தையில் இருந்து பழகினாள். மெலிண்டா எண்களைச் சொல்லுவாள். பியோனா இரண்டைக் கழித்து எழுதுவாள். முதலில் நின்று நின்று கழித்தாள். கார்த்திகை நடுப்பகுதியில் கழிக்கிறோம் என்ற நினைப்பே போய்விட்டது. எண் காதில் விழுந்தால் கை தானாகவே இரண்டைக் குறைத்து எழுதிவிடும். வயது எழுதச் சொன்ன இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். அவளுக்குப் பதினான்கு. ஐறிஸ் சொல்லச் சொல்லக் கடைச் சாமானுக்குத் துண்டு எழுதினாள். ஐந்து தேங்காய் சொன்ன இடத்தில் மூன்றுதான் வந்து சேர்ந்தது.

"இந்தப் புள்ளைட மண்டையை என்ன செஞ்சு போட்டீங்க?" என்று ஐறிஸ் தன் தலையில் அடித்துக் கொண்டாள்.

"மண்டை சரியாத்தான் இருக்கு அன்ரி," என்றாள் பியோனா பரிதாபமாக. "கைதான் கேக்குதில்ல."

இரண்டாம் தவணையில் பியோனா பூச்சியம் எடுத்தாள். அலுவலகமே எழும்பி நின்றது. சான்றிதழில் நல்லரத்தினம் கையெழுத்திட்டார். மூன்று பேனைகளில் ஒன்றுகூட எழுதவில்லை. வில்லியத்தின் காதுப் பென்சிலால்தான் இட்டார். 'மேற்படி மாணவி கணித பாடத்தில் எதுவும் அறியாதவர் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' பியோனாவின் தாய் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவதா, அலுமாரிக்குள் ஒளிப்பதா என்று இரண்டு நாள் யோசித்தாள்.

கணிதப் பரீட்சை அன்று வில்லியத்துக்கு விடிய முன்னமே கால் நிலத்தில் நிற்கவில்லை. சைக்கிளில் மெலிண்டாவை ஏற்றிக் கொண்டு போய், பாடசாலை வாசலில் இறக்கி, பியோனா வந்து விட்டாளா என்று பார்த்து, மறுபடி வாசலுக்கு ஓடினார். பொதுப் பரீட்சார்த்திகளுக்குப் பெரிய மண்டபம். மெலிண்டாவுக்கு, மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த விளையாட்டுச் சாமான் அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு விறாந்தை. அறை வாசலில் ஒரு நாடா கட்டியிருந்தது.

"இண்டைக்குக் கத்தரிக்கோல் இருக்கு," என்றார் அன்னப்பூரணி நிம்மதியோடு.

மணி அடித்தது. மண்டபத்தில் பிள்ளைகள் வினாத்தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினார்கள். சாமான் அறையில் குத்துவிளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக ஒரு மௌன அஞ்சலி. மோதலில் இறந்தவர்களுக்காக இன்னொரு மௌன அஞ்சலி; நிதி அதற்குத்தான் என்பதால் அது கொஞ்சம் நீண்டது. பயனாளியின் தகப்பன் என்ற முறையில் வில்லியத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டார்கள். அவர் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. மெலிண்டாவின் கண் மேசையில் கவிழ்ந்து கிடந்த வினாத்தாளில் இருந்தது.

நல்லரத்தினம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். அறை, இரண்டு பேர் கையை விரித்தால் சுவரில் முட்டுகிற அளவு.

"கடல் வந்தது. போர் வந்து போனது. ஆனால் எமது விதிமுறைகள் ஓர் அங்குலமும் அசையவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். கணிதத்தில் இந்த வலயமே வியக்கும் மாணவி மெலிண்டா என்று அதிபர் சொன்னார். எழுதிய கணக்கில் ஒரு பிழையும் விட்டதில்லையாம். அத்தகைய மாணவிக்கு நாம் பன்னிரண்டு நிமிடங்களை அள்ளி வழங்கியிருக்கிறோம். யாருக்கும் சலுகை கிடையாது. எனது சொந்த மகன் டிலக்சன் இதோ பக்கத்து மண்டபத்தில் இதே பரீட்சையை எழுதுகிறான். இந்த நாள்வரை நான் அவனுக்கு ஒரு பென்சில்கூடச் சீவிக் கொடுத்ததில்லை!"

கை தட்டினார்கள். பேச்சு முடிந்தபோது பன்னிரண்டு நிமிடமும் போய், சொந்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடமும் போயிருந்தது.

வில்லியத்தை மாலையோடு விறாந்தைக்கு அனுப்பினார்கள். யன்னலுக்குக் கண்ணாடி இல்லை; செல் அடித்த காலத்தில் போனது. அவர் அங்கே நின்று, நடந்து, மறுபடி வந்து நின்றார். உள்ளே மெலிண்டாவுக்குப் பக்கத்தில் பியோனா. அவள் விடையைக் கிசுகிசுக்காமல் இருக்க, பன்றிக்காய்ச்சலுக்கென்று வந்த முகமூடி ஒன்றை அவளுக்குக் கட்டியிருந்தார்கள். அது அசைகிறதா என்பதை மட்டும் அன்னப்பூரணி கண் இமைக்காமல் பார்த்துக் கொண்டிருந்தார். நல்லரத்தினம் போகவில்லை. விடைத்தாளை அதிகாரிகள் பார்ப்பது குற்றம். அதனால் அவர் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக் கொண்டு, காதால் மட்டும் மேற்பார்வை செய்தார். கேட்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. விழா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் மடியில் இருந்தது. அறிக்கைக்குக் குறிப்பு எடுக்கப் போவதாகச் சொல்லி அன்னப்பூரணியிடம் பேனை இரவல் வாங்கினார்.

"முதலாவது விடை," என்றாள் மெலிண்டா. "ஐம்பத்தாறு."

பியோனாவின் கை எழுதியது. எழுதி முடித்துவிட்டு அவளே அதைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவளுடைய கண்கள் நிறைந்தன. கை ஐம்பத்துநான்கு என்று எழுதியிருந்தது.

"அழிக்கலாமா மிஸ்?" என்றாள் மெலிண்டா.

"அழிக்க ஏலா புள்ள. அழிக்கிறது திருத்தம். திருத்திறது உதவி."

"அப்ப நானே இடது கையால—"

"பேனையைத் தொட்டிராத!" நல்லரத்தினம் சுவரைப் பார்த்தபடியே கத்தினார். "தொட்டால் எழுத முடியும் என்றாகிவிடும். எழுத முடியுமென்றால் விண்ணப்பம் பொய். விண்ணப்பம் பொய்யென்றால் பரீட்சை ரத்து."

வில்லியம் யன்னல் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். சட்டம் உளுத்திருந்தது, கையோடு வந்தது. அதைத் திரும்பப் பொருத்திக் கொண்டே உள்ளே பார்த்தார். மெலிண்டா ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். பியோனாவின் கையைப் பார்த்தாள். பிறகு வினாத்தாளை வாயசைத்து வாசித்தாள்: "முக்கோணி... ஒரு கோணம் எழுபது, மத்தது அறுபது, மூண்டாவது..." நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்: "ஐம்பத்திரண்டு."

முக்கோணக் கணக்குத் தச்சனுக்குத் தெரியும். ஐம்பது. வில்லியம் விரல் விட்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். மகளுக்குப் பயத்தில் எல்லாம் மறந்து போயிற்று என்று நினைத்தார். அடுத்தது, அதற்கடுத்தது என்று அவள் வேகம் கூட்டிச் சொல்லிக் கொண்டே போனாள். பியோனாவின் பேனை ஓடியது. சுவர்ப் பக்கத்தில் இன்னொரு பேனையும் ஓடியது. வில்லியம் மாலையிலிருந்த பிளாஸ்டிக் பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொண்டிருந்தார்.

முதலாம் வினாத்தாளின் சின்ன விடைகள் எல்லாம் முடிந்ததும் நல்லரத்தினம் எழும்பினார். "பொது மண்டபத்தையும் ஒருமுறை பார்வையிட வேண்டும்," என்றார். விறாந்தையில் வில்லியத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வில்லியம் அவரையே பார்த்துக் கொண்டு நின்றார். மண்டபத்தில் அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்தார். ஒரு பையனின் மேசையருகே மட்டும் நின்றார். அவன் தலையைத் தடவினார். அவர் அங்கிருந்து நகர்ந்தபோது நிகழ்ச்சி நிரல் அவர் கையில் இல்லை. பரீட்சை நடத்திய நோக்குநர் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்.

இரண்டாம் வினாத்தாளும் அதே விதமாக முடிந்தது. வெளியே வந்த பியோனா முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். மெலிண்டா அழவில்லை, பசிக்கிறது என்றாள். மூன்று பேரும் சைக்கிளை உருட்டிக் கொண்டு நடந்தார்கள். சோதனைச் சாவடி தாண்டும் வரைக்கும் வில்லியம் பொறுத்தார்.

"என்ன புள்ள செஞ்சாய்? முக்கோணியில மூண்டாவது கோணம் ஐம்பதெண்டு எனக்கே தெரியும்!"

"ஐம்பதுதான் பப்பா."

"அப்ப ஏன் ஐம்பத்திரண்டு எண்டாய்?"

"இவள்ட கைக்குள்ள எது போனாலும் ரெண்டு குறைஞ்சுதானே வெளிய வருது?" மெலிண்டா பியோனாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "அதான் எல்லாத்துக்கும் ரெண்டு கூட்டிச் சொன்னன். தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. முதலாவது மட்டும் போயிற்று, அது சரியாச் சொல்லிப் போட்டன். ஏய், அழுததும் காணும். இனி எப்பயாவது நீ திருந்திராத, இங்கிலீசுக்கும் வேணும்."

"இங்கிலீசுல கழிக்க ஏலாதுகா," என்றாள் பியோனா, மூக்கை உறிஞ்சியபடி.

வில்லியம் சைக்கிளை நிறுத்தினார். அதைத் தெருவோரத்தில் சாய்த்துவிட்டு, வீதிக் கல்லொன்றில் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் அசையாமல் இருந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததை மெலிண்டா முன்பு கண்டதில்லை.

"என்ன பப்பா?"

"ஒண்டுமில்ல புள்ள. ஒரு கடதாசியை நினைச்சன்," என்றார். அதற்கு மேல் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, ஐறிஸிடம்கூட.

பெறுபேறு சித்திரையில் வந்தது. மெலிண்டாவுக்குக் கணிதத்தில் 'ஏ' வரவில்லை. போன நேரம் போனதுதான். 'பி' வந்தது. உயர்தரத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அலுவலகத்தின் ஆண்டறிக்கை அந்தச் சித்தியை இரண்டு விரல் அளவுக்குத் தன் கணக்கில் சேர்த்துக் கொண்டது. அட்டையில் பிளாஸ்டிக் மாலையோடு வில்லியத்தின் படம்.

பணிப்பாளரின் மகன் டிலக்சனுக்குக் கணிதத்தில் 'டபிள்யூ', சித்தியே இல்லை. இதில் பெரிய அநீதி நடந்திருப்பதாக நல்லரத்தினம் எழுதி, மேலிடம் வரை போய், மகனின் விடைத்தாளை மீள்திருத்தம் செய்வித்தார். பதில் வைகாசியில் வந்தது. முதலாம் வினாத்தாளில் முதல் விடை சரி. மற்ற எல்லாவற்றிலும் இரண்டு கூடுதலாக இருந்தது.